48 மணி நேரத்திற்குப் பின்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. மணப்பாறையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த என் அத்தானின் ஆட்டோமீது, தவறான பக்கத்தில் விரைந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று மோதிற்று. ஆட்டோ கவிழ்ந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கூடிய மக்கள் அவனைத் தூக்கி நிழலில் கிடத்தி, 108-ஐ அழைத்தனர். அத்தான் தாமாகவே ஊர்ந்து வெளியே வந்து, தோளிலிருந்த துண்டால் நெற்றியைக் கட்டிக்கொண்டு, "எனக்கொன்றுமில்லை, முதலில் அந்தத் தம்பியைப் பாருங்கள்" என்றாராம். பெரிய வண்டியை ஓட்டியவனே குற்றவாளி என்பது நம் சாலைகளின் எழுதாச் சட்டம். ஆகவே அவரை யாரும் மறுமுறை கேட்கவுமில்லை.

அரசு மருத்துவமனையில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள், முறிந்திருந்த வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். அது பொய்யன்று, அன்றைக்கு இல்லைதான். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. அதன் பயனை நாங்கள் நன்றியோடு பெற்றோம். மூன்றாம் நாள் காலையில் அத்தான் வீடு வந்து சேர்ந்தார். ஆபத்து நீங்கியதென்று என் அக்காள் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள்.

மூன்று வாரம் சென்றபின் அத்தானுக்குத் தலைவலி தொடங்கியது. வெயில் என்றோம்; உறக்கமின்மை என்றோம்; காவல் நிலையத்துக்கு நடந்த கவலை என்றோம். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளை நான்தான் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் கடைசி வரியில் 'தலைவலி, வாந்தி, எஸ்.ஓ.எஸ்.' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எஸ்.ஓ.எஸ். என்பது மூழ்கும் கப்பல் விடுக்கும் அபயக் குரல் என்றே நான் பள்ளியில் பயின்றிருந்தேன். மருத்துவர் எழுத்தில் அது 'தேவைப்பட்டால் வருக' என்று பொருள்படும் என்பதை எங்களுக்குச் சொல்வார் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆசிரியப் பணியில் முப்பதாண்டு கழித்த நான் கேட்காமலிருந்ததை எண்ணினால் இன்றும் நாணுகிறேன்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள் அத்தான் வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தார். இடக்காற் செருப்பு நடுவழியில் கழன்று கிடந்தது. அது கழன்றதை அவர் அறியவில்லை. "அத்தான், செருப்பு!" என்றேன். குனிந்து பார்த்து, "போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், தம்பி" என்றார். அந்தச் சொல் என் வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே மீண்டும் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் மேலுறைக்கடியில் இரத்தம் தேங்கி, வலப்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அறுபது கடந்தோருக்கு மூளை சற்றே சுருங்கிவிடுவதால், அதனை உறையோடு இணைக்கும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்குமாம். அடி பட்டால் அவை கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, பல வாரம் சென்ற பிறகே நோயாக வெளிப்படுமாம். இதயத்திற்கென அவர் நாள்தோறும் உட்கொண்ட ஆஸ்பிரின் அக்கசிவுக்குத் துணை செய்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்தனர். நான்காம் நாள் அவர் தம் செருப்பைத் தாமே தேடினார்.

இது நடந்து முடிவதற்குள் மணிக்கட்டை எல்லாரும் மறந்துபோனோம். கட்டைப் பிரித்தபோது கை மரம்போல் விறைத்திருந்தது. மற்றவருக்கு இது சிறு குறையாகலாம். ஆட்டோவிலோ, வலக் கைப்பிடியை முறுக்கினால்தான் வண்டி ஓடும். மணிக்கட்டுத் திரும்பாதவன் ஆட்டோ ஓட்ட இயலாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கற்பித்தார். வெந்நீரில் கையை அமிழ்த்தி விரல்களை மடக்க வேண்டும். பின்பு ஈரத்துண்டை முறுக்கிப் பிழிய வேண்டும். அக்காள் வீட்டுத் துணியையெல்லாம் அத்தானே பிழிந்தார். "முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு ஒரு கையுதவி கிடைத்தது" என்பாள் அக்காள்.

கை திரும்பியது, ஆனால் அவர் வண்டியில் ஏறவில்லை. இரவில் எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் உடல் வியர்த்துவிடும். உறக்கத்தில் அந்த மோதலின் ஓசை கேட்டு எழுந்து உட்காருவார். "அந்தப் பையன் நடக்கிறானோ என்னவோ" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். ஆண்பிள்ளைக்கு அச்சமா என்று உறவினர் சிலர் நகைத்ததுண்டு. ஒரு மாதத்துக்கு மேலும் இத்தகைய கனவும் நடுக்கமும் நீடித்தால் அது கோழைத்தனமன்று, சிகிச்சைக்குரிய காயமே என்று மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவர் எடுத்துரைத்த பின்னரே வீட்டில் அவர்களுடைய வாய் அடங்கியது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. நள்ளிரவில் அத்தான் இருமுறை அதனை அழைத்துப் பேசியதை, மறுநாள் அக்காள்தான் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

கைப்பயிற்சி எவ்வளவு பலித்ததென்று சோதித்துப் பார்க்க, இயன்முறைப் பிரிவுக்கு ஒருமுறை அவரை அழைத்துச் சென்றேன். நீண்ட பெஞ்சில் ஊன்றுகோல் ஏந்திய ஓர் இளைஞன் தன் தாயோடு அமர்ந்திருந்தான். அத்தான் அவனைக் கண்டதும் திரும்பிவிட முயன்றார். அந்த அம்மாள் எழுந்து வந்து, அவருடைய நெற்றித் தழும்பையே சற்று நேரம் பார்த்தார்.

"அன்றைக்கு உங்களுக்கும் அடிபட்டதென்று எங்களுக்குத் தெரியாதுங்க, ஐயா" என்றார்.

அத்தான் பதில் சொல்லவில்லை. இளைஞன் நகர்ந்து இடம் விட்டான். முறை வரும்வரை இருவரும் அருகருகே அமர்ந்திருந்தனர்.