விடுபட்ட பால்

வீரமாமுனிவர் திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டார். காமத்துப்பாலை விட்டுவிட்டார். 1330 குறள்களில் 250 வெளியே நின்றன. துறவி என்பதால் தவிர்த்தார் என்று தமிழ் வகுப்புகளில் ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. 1886இல் ஜி.யு. போப் தன் ஆங்கிலக் குறளோடு சேர்த்து அச்சிட்ட முனிவரின் லத்தீனை நானே படிக்க வேண்டும் என்று தோன்றியது. நாற்பதைத் தாண்டிய பிறகு லத்தீன் படிக்க உட்கார்ந்தேன்.

இப்போது முதுநிலை மாணவர்களுக்கான இடைநிலை வகுப்பில் இருக்கிறேன். இணையவழி வகுப்புதான். பரளச்சி வீட்டுத் திண்ணையில் மடிக்கணினி. பக்கத்தில் அம்மா வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். "டாக்டர் பட்டமே வாங்கியாச்சு. இனி என்னத்துக்குடி இந்தப் படிப்பு?" என்பாள். பெண்ணின் படிப்பு வேலைக்கோ வரனுக்கோ சம்பள உயர்வுக்கோ உதவ வேண்டும். லத்தீன் இவை எதற்கும் உதவாது. தெரிந்துகொள்ளும் ஆசைக்காக மட்டும் ஒரு பெண் படிக்கலாம் என்பதை நான் இங்கே அன்றாடம் நிறுவ வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவளுக்கு லத்தீன் அவ்வளவு அந்நியமில்லை. அங்கும் வேற்றுமையைச் சொல்லின் ஈறு காட்டுகிறது; சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் குலைவதில்லை; வினை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. என்னை நிறுத்தியது பால்தான். நமக்கு வந்தான், வந்தாள் என்று இரண்டு வினை. லத்தீனில் இருவருக்கும் 'வேனிட்' ஒன்றே. தன்மையில் இது தலைகீழாகிறது. "களைத்திருக்கிறேன்" என்று தமிழில் சொன்னால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. லத்தீனில் ஆண் 'ஃபெஸ்ஸுஸ் சும்' என்பான், பெண் 'ஃபெஸ்ஸா சும்' என்பாள்.

காமத்துப்பாலில் பெரும்பகுதி பெண்ணின் பேச்சு. ஆனால் அதைக் குறளின் 'நான்' சொல்வதில்லை. இது தலைமகள் கூற்று என்று வகுத்துச் சொல்வது உரை. முனிவர் அந்தப் பாலைத் தொட்டிருந்தால், பேசுவது யார் என்று லத்தீன் இலக்கணம் பல இடங்களில் அவரைக் கேட்டிருக்கும். ஒரு துறவியின் எழுத்தாணி 'நான்' என்பதற்குப் பெண்பால் ஈறு எழுத வேண்டி வந்திருக்கும்.

ஈறு இருந்தால் மட்டும் போதுமா? அகஸ்டஸ் காலத்து ரோமில் சுல்பீசியா என்றொரு கவி இருந்தாள். மிஞ்சியவை ஆறு காதல் கவிதைகள், மொத்தம் 40 வரிகள். அவையும் திபுல்லுஸ் என்ற ஆண் கவியின் பெயரிலுள்ள தொகுப்பில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவை. அவற்றில் தன்னைத் தகுதியானவள் என்கிறாள். 'டிக்னா' என்ற அச்சொல்லின் ஈறு பெண்பால். அப்படியும் எழுதியது பெண்தானா என்று ஐயுற்ற அறிஞர்கள் உண்டு.

இதற்குப் பிறகு நான் காமத்துப்பால் நடத்தும் முறை மாறிவிட்டது. உரையை மூடிவைத்துவிட்டு, குறளை மட்டும் எழுதிப்போட்டு, இது யார் கூற்று என்று கேட்கிறேன். பிரிவாற்றாமை நடத்திய அன்று ஒரு மாணவி எழுந்தாள். அவள் அண்ணன் பிழைக்க வெளிநாடு போயிருக்கிறான்.

"இது எங்க மதினி சொல்றது மேடம்."

வகுப்பு சிரித்தது. நான் குறளுக்கு மேலே எழுதினேன்: மதினி கூற்று.