திரும்பி வரும் ஆறு இலக்கங்கள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, தோட்டப் பள்ளியொன்றில் நான் பணியேற்ற முதலாண்டு அது. ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குத் தசம வகுத்தல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை ஏழால் வகுத்து, இரண்டு தசம இடம் வரை எழுதவேண்டும் என்பது கணக்கு.

எல்லாரும் முடித்துவிட்டனர். பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் நிறுத்தாமல் வகுத்துக்கொண்டே போய், ஏட்டில் இரண்டு பக்கங்களை நிரப்பிவிட்டான். "தாளை வீணாக்குகிறாயே!" என்று கடிந்து, அடிக்கோலால் உள்ளங்கையில் ஓர் அடியும் கொடுத்தேன்.

"மீதி தீரவே இல்லை, ஐயா. ஆனால், போன எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன" என்று விம்மலுக்கிடையே கூறினான். நான் அதனைச் செவியில் ஏற்கவில்லை.

அன்றிரவு ஏடுகளைத் திருத்துகையில் அவன் எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன். 0.142857142857... என நீண்டிருந்தது. ஓரிடத்திலும் பிழை இல்லை. அந்த 142857 என்னும் எண்ணைத் தனியே எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன்.

142857 × 2 = 285714
142857 × 3 = 428571
142857 × 4 = 571428
142857 × 5 = 714285
142857 × 6 = 857142

அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை! கைகோத்து வட்டமாய்ச் சுற்றும் பிள்ளைகளைப் போல, தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. ஏழால் பெருக்கினாலோ 999999. எண்ணை இரு பாதியாக்கிக் கூட்டினால், 142 + 857 = 999. மூன்றாக்கிக் கூட்டினால், 14 + 28 + 57 = 99.

'நாலு நம்பர்' எடுக்க இஃது ஏற்றதா என்று பின்னாளில் என்னை வினவிய பெற்றோரும் உண்டு! இதில் மந்திரம் ஏதுமில்லை, காரணமே உண்டு. ஏழால் வகுக்கையில் மீதியாக வரக்கூடியவை 1 முதல் 6 வரையுள்ள ஆறே எண்கள். ஒன்றை வகுக்கும்போது அவை 3, 2, 6, 4, 5, 1 என வருகின்றன. மீண்டும் 1 வந்தவுடன் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடுகிறோம். பிறகு பழைய வழியன்றி வேறு வழி ஏது? இரண்டை ஏழால் வகுப்பதும் இதே வட்டத்தில் 2 என்னும் மீதி நிற்கும் இடத்திலிருந்து புறப்படுவதேயாகும். ஆகவேதான் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் வருகின்றன.

மறுநாள் காலை அம்மாணவனை வகுப்பின் முன் அழைத்தேன். "நேற்றுத் தவறியவன் நீயல்லன், நான்தான்" என்று எல்லார் முன்னிலையிலும் கூறி, சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். முதலில் தயங்கினான். பின்னர்க் கரும்பலகை முழுவதும் நிரம்பும்வரை எழுதினான். இம்முறை நான் நிறுத்தவில்லை.

ஆண்டுகள் பல கடந்தன. ஏட்டில் சிவப்பு மை இடும் முன், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்கும் வழக்கம் அன்று தொடங்கியதே. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கணக்கில் நெடுநேரம் நின்றுவிட்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். மாணவச் செல்வங்களே, 1ஐ 13ஆல் வகுத்துப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.