மருதமுனைத் தறியடியில் ஒரு பகல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், பெரியநீலாவணையைத் தாண்டி மருதமுனையில் இறங்கினோம். சாரத்துக்கும் கைத்தறிச் சேலைக்கும் பேர்போன முஸ்லிம் ஊர் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் உயிர்களோடு தறிகளும் போயின. மீண்டும் நெய்யத் தொடங்கியவர்கள் இங்கு இருக்கிறார்கள்.

என்னோடு வந்தவள் கொழும்பில் ஆடை நிறுவனமொன்றில் பயிலுனராக இருக்கும் சிங்கள மாணவி. வடிவமைப்பு ஆய்வுக்காகக் கைத்தறியைப் பார்க்க வந்திருந்தாள். மொழிபெயர்க்க நான் போனேன்.

கொட்டிலுக்குள் நுழைந்ததுமே கைப்பேசியை எடுத்தாள். தறியில் இருந்த ராத்தா சேலைக் கரையைக் கையால் மறைத்தார்.

"முந்தியும் ஒரு புள்ள வந்து படம் எடுத்திச்சி. பிறகு இதே கரை கடையில தொங்குது எண்டாங்க. எங்களுக்கு ஒண்டும் வரல்ல."

நான் மொழிபெயர்த்ததும் மாணவி கைப்பேசியை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள். ராத்தா நூல் சுற்றக் கொடுத்தார். மூன்று தரம் நூல் அறுந்தது. ராத்தா சிரித்துவிட்டார்.

அதன் பின்தான் ஆய்வு தொடங்கியது. நெடுக்காக ஓடும் கோடுகளின் நிறம் பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும். இடையில் மாற்றுவதென்றால் நூல்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். கடதாசியில் ஒரு நிமிடத்தில் மாற்றும் கோடு, தறியில் பல நாள் வேலை.

"நூல் சுற்றுவது யார்?" என்று மாணவி கேட்டாள்.

"மகள்தான்."

"அவளுக்குக் கூலி?"

"அது வீட்டு வேலைதானே."

இந்தப் பதிலை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! பன்னவேலையிலும் பாய் இழைப்பிலும் எமது பெண்களின் பாதி உழைப்பு இப்படித்தான் கணக்கில் வராமல் போகிறது.

2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி புதிய வடிவமொன்றைப் பதியலாம். பாதுகாப்பு 5 வருடம். இரு தடவை புதுப்பிக்கலாம். பரம்பரையாக நெய்துவரும் பழைய கரைக்கு இது பொருந்தாது. ஆகவே உங்கள் வேலையைப் பார்க்க யாராவது வந்தால், படம் எதற்கு, எங்கே போகும், எமக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

இரு மாதங்களின் பின் மாணவியின் அறிக்கை வந்தது. நூல் சுற்றும் கூலி அதில் தனியாகக் காட்டப்பட்டிருந்தது. நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. ராத்தாவுக்கும் மகளுக்கும் அதை வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள் மகள்.