மானும் இரு தோட்டாக்களும்

புலால் உண்ணாத எம்மிடம் மான் வேட்டைக்கு உகந்த தோட்டா எதுவென்று கேட்டால் என் செய்வோம்! அமெரிக்காவின் மொன்டானாவில் வாழும் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: 1906இல் தோன்றிய '30-06' வகையா, 1952இல் வந்த '308' வகையா?

பௌதிகம் கற்பித்த பாவம், கணக்கிட்டோம். குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றே. கோதின் நீளந்தான் 63, 51 மில்லிமீற்றர். ஒரே நிறைக் குண்டுக்கு வேக வேறுபாடு நூற்றுக்கு மூன்று, நான்கு. ஆயினும் ஒன்றின் தோட்டாவை மற்றதன் துவக்கில் இடலாகாது.

"எதையேனும் வாங்கிக் குறிபார்த்துப் பழகு. இருதயத்திலோ சுவாசப்பையிலோ படாவிடின் மான் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து துடிக்கும்" என்று எழுதினோம். 'சுடாதே' என்ற வரியை எழுதி, பின் அடித்துவிட்டோம்.

சென்ற வாரம் பதில் வந்தது. குறி இன்னும் சரிவரவில்லையாம். இவ்வாண்டு காட்டுக்குப் போகவில்லையாம்.