தலைமாட்டில் ஒரு தாள்

நாகபுரி நகரில் 25 முதியோர் வாழும் சிறிய இல்லம் ஒன்று உள்ளது. அதன் வாசலில் படிகள் இல்லை. சக்கர நாற்காலி ஏறுவதற்கேற்ற சாய்தளம் உண்டு. குளியலறைச் சுவர்களில் பிடித்து நடக்கக் கம்பிகளும், தரையில் வழுக்காத ஓடுகளும் பதிக்கப்பட்டுள்ளன. முதுமையில் ஒரு முறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியக்கூடும் அல்லவா?

விடியற்காலைத் தேநீருடன் இல்லம் விழிக்கிறது. காலை, நண்பகல், இரவு எனப் பிரிக்கப்பட்ட சிறு பெட்டிகளில் செவிலியர் மருந்துகளை எடுத்து வைக்கிறார். பல் இல்லாதோருக்குக் கிச்சடி குழைய வேகிறது. இரத்த அழுத்தம் உடையோருக்கு உப்புக் குறைகிறது. எழ இயலாமல் படுத்திருப்போரைப் பணியாளர் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கின்றனர். இல்லையேல் படுக்கைப்புண் தோன்றும். இரவிலும் ஒருவர் விழித்திருக்கிறார்.

60 வயது நிறைந்தோரை நம் நாட்டுச் சட்டம் மூத்த குடிமக்கள் எனக் குறிக்கிறது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோரைக் காக்கும் கடமையை 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. வயது வந்த பேரப்பிள்ளைகளையும் அது விட்டுவிடவில்லை. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மொழி அந்தப் பட்டியலில் இல்லை.

அவ்வில்லத்தில் தமிழ்ப் பாட்டி ஒருவர் வாழ்கிறார். கணவரின் இரயில்வே பணியால் இளம்பருவத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்தவர். கடைத்தெருவில் இந்தியும், அண்டை வீட்டாரிடம் மராத்தியும் தடையின்றிப் பேசியவர். 80 வயதைக் கடந்தபின் அவர் நினைவு மங்கலாயிற்று. அத்தகைய முதியோர் பலருக்கும் பிற்காலத்தில் கற்ற மொழியே முதலில் நழுவும். தாய்மொழி நெடுநாள் நிலைக்கும். பாட்டிக்கும் அவ்வாறே இந்தியும் மராத்தியும் அகன்றன. தமிழ் மட்டும் எஞ்சியது.

பாட்டி வெந்நீர் கேட்டார், குடிநீர் வந்தது. குளிக்க மறுக்கும் பிடிவாதக்காரர் என்று அவருக்குப் பெயர் ஏற்பட்டது. ஒரு முறை இரண்டு நாள்கள் தொடர்ந்து, “தலை சுத்துது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவருக்கும் பொருள் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காண வந்த பேத்திதான் அதைச் செவிலியருக்கு எடுத்துரைத்தாள். அளந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

அன்று மாலையே பேத்தி ஒரு தாளில் 20 தமிழ்ச் சொற்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதினாள். வெந்நீர், பசி, வலி, குளிர், தலைசுற்றல் என ஒவ்வொன்றின் எதிரிலும் மராத்தியில் பொருள் எழுதிப் பாட்டியின் தலைமாட்டில் ஒட்டினாள். எட்டாம் வகுப்பில் அவள் தமிழை விருப்பப்பாடமாகப் படிப்பவள். அத்தமிழ் அன்று மருந்துப்பெட்டியின் அருகில் இடம் பெற்றது.

பாட்டியை ‘ஆஜி’ என்று அழைக்கும் மராத்திப் பணிப்பெண் அந்தத் தாளை நாள்தோறும் படித்துப் பழகினார். ‘வாழைப்பழம்’ அவர் நாவில் ‘வாளைப்பளம்’ ஆயிற்று. பாட்டி விடவில்லை, நாவை மடித்துக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். பிறர் கையால் உண்டும் உடுத்தும் வந்த பாட்டிக்குப் பிறருக்குக் கொடுக்கவும் ஒன்று கிடைத்தது. அதன்பின் குளியலுக்கு அவர் மறுப்பது அரிதாயிற்று.

அயல் மாநிலங்களில் பணிபுரிந்து முதுமை அடைந்த தமிழர் பலர் அங்கேயே தங்கிவிடுகின்றனர். அவர்களுடைய தமிழைக் கேட்டு அறிய, அருகில் ஒரு பிள்ளையேனும் வேண்டும்.

இப்போது அத்தாளில் 31 சொற்கள் உள்ளன. இறுதியாகச் சேர்ந்தது, இரவுப் பணியாளர் தாமே பேத்தியிடம் கேட்டு எழுதிக்கொண்டது: “தூக்கம் வரலையா?”