குடிநோய்க்கான சிகிச்சை குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்

"மனசு வைத்தால் குடியை விட்டுவிடலாம்" என்பார்கள். மன உறுதி வேண்டும்தான். ஆனால் நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு உயிரே போகலாம். அதனால் மருத்துவரின் கண்காணிப்பும் தேவை. குடிநோய் ஒருவரோடு நிற்பதுமில்லை. கடனை மறைக்கும் மனைவி, அப்பாவின் காலடிச் சத்தத்திலேயே அன்றைய இரவைக் கணிக்கும் பிள்ளை என வீடே குடியைச் சுற்றி இயங்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1951இல் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற ஆதரவு அமைப்பு உருவானதும், சென்னையில் குடிநோய் சிகிச்சைக்காக 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதும் இதனால்தான்.

"நோய் என்றால் அடித்ததையும் மன்னிக்கணுமா?" என்று கேட்கலாம். இல்லை. சிகிச்சை பெறுவதும் செய்ததற்குப் பொறுப்பேற்பதும் குடித்தவரின் கடமை. குடியை விட்டால் உடம்பு மட்டும் தேறுவதில்லை. சம்பளம் வீடு சேர்கிறது, பிள்ளை பயமின்றித் தூங்குகிறது. உதவி கேட்பதில் அவமானமே இல்லை, கேளுங்கள்.