ஊக்கியும் நோயின் மூலமும்

தான் செலவாகாது பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளை விஞ்ஞான நூலார் ஊக்கி என்பர். தமிழாசிரியனாகிய எனக்கு இச்சொல் நெடுநாட் பழக்கமுடையது. அப்பொருளோ என் மோட்டார் வண்டி நோயுற்ற பின்னரே பழக்கமாயிற்று. யப்பானில் ஓடித் தேய்ந்த ஹைபிரிட் வண்டிகளை வாங்கி வைத்திருப்போர் எம் பழைய மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் பலர் உளர். ஆதலின், யான் கண்டறிந்தவற்றை இம்மலரில் எழுதுதல் பயனுடைத்தென எண்ணுகின்றேன்.

கராச்சுகளில் 'கொன்வேட்டர்' எனச் சுருக்கி வழங்கப்படும் கற்றலிற்றிக் கொன்வேட்டர், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் இடையே அமைந்த ஓர் உலோகப் பேழை. அதனுள்ளே தேன்வதை போன்ற சுடுமண் கட்டியொன்று உண்டு. ஒரு சதுர அங்குலத்திற் பெரும்பாலும் 400 அளவான நுண்ணிய கண்ணறைகள் இருக்கும். அவற்றின் சுவர்களிற் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அருவிலை உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டுள்ளன. காபனோரொட்சைட்டு, எரியாத எரிபொருளாவி, நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகிய மூன்று நச்சுப் பொருள்களும் அச்சுவர்களைத் தடவிச் செல்லுகையிற் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன் என மாறிவிடுகின்றன.

பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயூஜீன் ஊட்ரி என்பார் 1950களில் மோட்டார் வண்டிகளுக்கென இத்தகைய கருவியை அமைத்தார். எனினும் அக்காலப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கியின்மேற் படிந்து அதனைச் செயலறச் செய்தது. ஈயமற்ற பெற்றோல் பரவத் தொடங்கிய பின்னரே, 1975ஆம் ஆண்டு வண்டிகள் முதலாக, அமெரிக்காவில் இக்கருவி பொதுவழக்காயிற்று. எம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் ஒழிந்தது.

ஹைபிரிட் வண்டியிலே இவ்வூக்கியின் பாடு சற்றுக் கடினமானது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினாலன்றி அது செவ்வனே தொழிற்படாது. ஹைபிரிட் வண்டியின் எஞ்சினோ வழியில் நின்று நின்று இயங்குவது. மின்கலம் நிறைந்திருந்தும் காலையில் வண்டியை இயக்கியவுடன் எஞ்சின் சிறிது நேரம் தானாக ஓடுவதை உரிமையாளர் கண்டிருப்பர். அது வீண் செலவன்று. ஊக்கியைச் சூடேற்றும் முயற்சியே. இரண்டு மூன்று மைல் தூரம் மட்டும் நாள்தோறும் ஓடும் வண்டியில் அச்சூடு நிலைப்பதற்குள் பயணம் முடிந்துவிடுகின்றது.

2023ஆம் ஆண்டில் என் வண்டியின் முகப்பில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. முதலில் நான் சென்ற கராச்சில் ஸ்கானர் கருவியைப் பொருத்தி, பி0420 என்னும் குறியீட்டைக் காட்டினர். ஊக்கியின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். "கொன்வேட்டர் போச்சுது மாஸ்ரர். வெட்டி எடுத்துப்போட்டு வெறும் பைப் வைப்பம். பழசை நல்ல விலைக்கு வாங்க ஆக்கள் இருக்கினம்" என்றனர். பழைய கொன்வேட்டருக்கு விலை உண்டென்பது மெய்யே. உரோடியத்தின் விலை 2021இற் பொன்னின் விலையைப் பன்மடங்கு விஞ்சி நின்றது.

விடை கூறாது வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் ஊக்கியைத் தொடவேயில்லை. முதலிற் புகைக்குழாயில் எங்கேனும் கசிவுண்டா என்று பார்த்தார். வெளிக்காற்று உட்புகுந்தாலும் ஒட்சிசன் சென்சர் பிழையாக உரைக்குமாம். பின்னர் எண்ணெயின் அளவைப் பார்த்தார். ஒரு லீற்றர் குறைந்திருந்தது. பிளக்குகளைக் கழற்றினார், ஒன்றிற் கரி படிந்திருந்தது. அந்தச் சிலிண்டரின் இக்னிசன் கொயில் பழுதடைந்திருந்தது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குச் செலுத்தும் வழியும் கரியால் அடைபட்டிருந்தது. "அது தானாச் சாகேல்லை மாஸ்ரர், எஞ்சின்தான் சாக்காட்டினது" என்றார்.

அவர் விளக்கியது இது: ஒரு சிலிண்டர் சரிவரப் பற்றாதபோது, எரியாத பெற்றோல் ஊக்கியினுட் சென்று எரிகின்றது. அவ்வெப்பம் மிகுந்தால் தேன்வதையே உருகும். எரிந்து புகும் எஞ்சின் எண்ணெயிலுள்ள பொசுபரசு அதன் சுவரிற் படிந்து உலோகங்களை மூடிவிடுகின்றது. எஞ்சினைத் திருத்தாது புதிய ஊக்கியைப் பொருத்தினால் அதற்கும் அக்கதியே நேரும்.

எஞ்சினைத் திருத்திய பின்னரும் விளக்கு மீண்டும் எரிந்தது. பேழையைக் கழற்றிப் பார்த்தபோது தேன்வதையின் ஒரு பாகம் உருகி அடைபட்டிருந்தது. அசைத்தால் உடைந்த துண்டுகள் கலகலத்தன. தகுந்த ஊக்கி வாங்குவதற்கு என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுதும் வேண்டியிருந்தது. வாகன இறக்குமதி 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த காலமாதலின் வேறு வண்டி வாங்குவதும் நினைக்கத்தக்கதன்று. வெறுங்குழாயோ மலிவு. பின்புறச் சென்சரைச் சிறிது விலக்கிப் பொருத்தி விளக்கையும் ஏமாற்றிவிடலாம் என்றும் சிலர் கூறினர்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதி ஒட்சிசனைச் சுமப்பதை அது தடுக்கும். காலையிற் பாடசாலை வாயிலில் வண்டிகள் நெருங்கி நிற்கையிற் பெரியவர்களைக் காட்டிலும் சிறுவரின் மூக்கே புகைக்குழாய்க்கு அண்மையில் உள்ளது. விளக்கை ஏமாற்றலாம், அச்சிறுவரின் நுரையீரலை ஏமாற்ற இயலாது. இதனை என் மனைவியிடம் கூறினேன். அவர் மறுசொல்லின்றிப் பணத்தை எடுத்துத் தந்தார்.

நோயை அறிவதோடு அமையாது அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்யவேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. வகுப்பறைக்கும் அது பொருந்தும். பதினோராம் வகுப்பிலே தேறாத மாணவனின் குறை பலவேளை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கும். கடைசியில் நிற்பவனே பழியைச் சுமக்கின்றான். ஊக்கியும் எஞ்சினுக்குப் பின்னே நிற்பதே.

ஆதலின், பழைய ஹைபிரிட் வண்டி வாங்குவோர் கீழே குனிந்து ஊக்கி உண்டோ, வெட்டி ஒட்டிய அடையாளம் உண்டோ என நோக்குக. எண்ணெயின் அளவை மாதந்தோறும் பார்க்க. எஞ்சின் அதிர்ந்து, மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியுமாயின் ஓட்டத்தை உடனே நிறுத்துக. ஊக்கியை மாற்றச் சொல்வாரிடம், "அது ஏன் கெட்டது?" என்று ஒரு வினாவை முதலிற் கேட்க. அவ்வினாவிற்கு விடை கூறுவாரிடமே வண்டியை ஒப்படைக்க.